பனியாறு பார்க்க நின்ற வரிசை

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம், பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு தபால்கள் ஒரே நாளில் எங்கள் கல்லூரிக்கு வந்தன. ஒன்று எனக்கு. பேராசிரியர் நீலமேகத்திடம் ஆய்வு மாணவனாகச் சேர இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை உண்டு, ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் மெட்ராஸ் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. இன்னொன்று முதல்வர் இளங்கோவனுக்கு. பல்கலைக்கழகம் ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களுக்கு அறிவூட்டத் தீர்மானித்துவிட்டது. அதற்கு உங்கள் கல்லூரியில் ஒரு மையம் திறக்கிறோம். மாதா மாதம் சொற்பொழிவும் பயிற்சி முகாமும் நடத்த ஒரு பொறுப்பாளரை உடனே நியமிக்கவும்.

முதல்வர் தன் தபாலை முதலில் பிரித்துவிட்டார். நான் என் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய அவர் அறைக்குள் நுழைந்தபோது, ‘பொறுப்பாளர்: தியாகேசன், டியூட்டர், புவியியல் துறை’ என்று டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டு முடித்திருந்தார்.

“ரொம்பப் பெருமையா இருக்கு தியாகேசன்” என்றார் என் தபாலைப் படித்துவிட்டு. “ஆனா உங்களை ரிலீவ் பண்ணிட்டா இந்தத் திட்டத்தை யார் பார்க்கிறது? புதுசா ஆள் எடுக்கத் தடை இருக்கே. திட்டம் நடக்கிற வரைக்கும் பொறுப்பாளரை விடக்கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கான், பாருங்க.”

பார்த்தேன். போட்டிருந்தான். ராஜினாமா செய்துவிட்டுப் போகலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த உதவித்தொகை வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மட்டுமானது. வேலையை விட்டால் அதுவும் போய்விடும். முதல்வர் கெட்டவராக இருந்தால் மேஜையைத் தட்டிச் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். ஆற வைத்துக் குடித்துவிட்டு வந்தேன். ரிலீவ் செய்ய மறுக்கிறார்கள் என்று பேராசிரியருக்கு ஒரு கார்டு மட்டும் எழுதிப் போட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா போன பிறகு அண்ணா தணிகாசலம்தான் முறை பார்க்கிறார். கல்லூரியில் என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. மடைப்பள்ளியில் என் வேலையோ பிறந்தபோதே நிரந்தரமாக்கப்பட்டது. கீழே பாடம், மேலே பொங்கல். நடுவில் முந்நூற்றறுபத்தைந்து படி. மெட்ராஸில் எம்.ஏ. படித்த காலத்திலும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் ரயிலேறி வந்து கரண்டி பிடித்திருக்கிறேன். வராவிட்டால் அண்ணா திட்டமாட்டார். அவரே இரண்டு ஆள் வேலையையும் சேர்த்துச் செய்வார். அடுத்த தடவை முழங்கை வரைக்கும் வெந்திருப்பதை என் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வார். எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு கிருத்திகை நாளில் வேறெங்காவது, யாருக்கும் வேண்டாதவனாக, ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் மொத்த ஆசை.

மையத்தின் விதிமுறைகளை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஏழாவது விதியில் கதவு இருந்தது. தொடர்ந்து மூன்று நிகழ்ச்சிகளுக்கு இருபத்தைந்து பேருக்குக் குறைவாகப் பொதுமக்கள் வந்தால் மையத்தை மூடிவிட வேண்டும். முதல் மூன்று நிகழ்ச்சிகளும் ஜூலை முடிவதற்குள் நடக்க வேண்டும் என்று நாலாவது விதி சொன்னது. மூன்று தடவை தோற்றால் போதும், ஆகஸ்டில் நான் மெட்ராஸில். தோற்பது என்ன அப்படிக் கஷ்டமா என்று நினைத்தேன்.

உட்கார்ந்து ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தேன். ஊரைத் தெரிந்தவன் எழுதிய பட்டியல் அது. இந்தப் பக்கத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்று எதை வைத்தாலும் நெசவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆகவே அமாவாசையை விட்டுவிட்டு, நெய்த துணியை முதலாளி வீட்டில் ஒப்படைக்கிற சனிக்கிழமைக் காலையில் ‘வரைபடம் வாசிக்கும் பயிற்சி முகாம்’ வைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்தது, டென்ட் கொட்டகையில் புதுப்படம் போடுகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், ‘நூலகத்தில் புத்தகங்களைப் பகுத்து அடுக்கும் முறை’. பதினொரு பேர். அதில் இரண்டு பேர் கொட்டகைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று என்னிடமே கேட்டுக்கொண்டு போனார்கள். எழுந்து நின்று வழி காட்டினேன்.

மனசு உடைந்துபோனவன் சிங்காரம் ஒருவன்தான். எங்கள் அட்டெண்டர், ஆர்.கே.பேட்டையில் தறி போட்ட வீட்டுப் பிள்ளை. பட்டியலை ஸ்டென்சில் வெட்டி, நூறு பிரதி உருட்டி, பஸ் நிலையம், ரேஷன் கடை, மலையடிவாரம், ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸின் முதுகு என்று ஒரு இடம் விடாமல் ஒட்டியவன் அவன்.

“ஏன் சார், நம்பளுதுக்கு மட்டும் ஜனம் வரமாட்டேங்குது?” என்று கேட்டான். “நான் சரியா ஒட்டலீங்களா?”

“நல்லாத்தான் ஒட்டின. ஜனங்களுக்கு ருசி இல்லை” என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை ஜூலைக் கடைசியில் வந்தது. லட்சக்கணக்கில் ஜனம் காவடியோடு வரும். வருகிற அத்தனை பேரும் மலை மேலே இருப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அத்தனை பேரையும் மடைப்பள்ளி ஜன்னல் வழியாக வருஷா வருஷம் பார்த்தவன் நான். கீழே கல்லூரிப் பக்கம் காக்காய்கூட இருக்காது என்று கணக்குப் போட்டேன். விடுமுறை நாட்களில் நடத்துவது நலம் என்று சுற்றறிக்கையே சொல்லியிருந்ததால் முதல்வரும் தலையாட்டிவிட்டார்.

தலைப்புக்குப் பல்கலைக்கழகம் அனுப்பிய முப்பத்தொரு தலைப்புகளைப் பார்த்தேன். சாயம் போகாமல் நூல் நனைப்பது எப்படி, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏன், சர்க்கரை வியாதி... எல்லாமே ஆபத்து. இருபத்தாறாவதாக இருந்தது ‘பனியாறுகள், படக்காட்சியுடன்’. திருத்தணி வெயிலுக்கும் பனியாற்றுக்கும் என்ன சம்பந்தம்? டிக் அடித்தேன். அப்புறந்தான் பேசுகிறவர் பெயரைப் பார்த்தேன். பேராசிரியர் நீலமேகம். எனக்கு இடம் கொடுத்தவர்.

காலியான அரங்கத்துக்கு அந்த மனிதரைக் கூப்பிடுவது பாவம் என்று தோன்றத்தான் செய்தது. மெட்ராஸ் போன பிறகு ஒரு நாள் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அண்ணாவிடம் போய், ஆடிக் கிருத்திகையன்று கல்லூரியில் வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் அரிசி களைந்துகொண்டே, “சரி, இந்த ஒரு தடவைதானே” என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் இந்த ஊரிலேயே இருக்கமாட்டேன் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அன்று காலை எட்டு மணி ரயிலில் பேராசிரியர் வந்து இறங்கினார். நரைத்த தலை, கையில் ஸ்லைடு வைத்த தகரப் பெட்டி. புரொஜெக்டரை ஒரு குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். “கூட்டம் அமர்க்களமா இருக்கே!” என்றார் பிளாட்பாரத்தில் காவடிகளைப் பார்த்துவிட்டு. “இதெல்லாம் மலைக்குப் போற கூட்டம் சார்” என்று அப்போதே சொல்லி வைத்தேன்.

பத்து மணிக்கு அரங்கத்தில் மூன்று பேர். அந்த நிம்மதியில் நான் ஒரு சோடா குடித்தேன். பத்தரைக்குச் சிங்காரம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“சார், நம்ப ஊரு ஜனம் நெறைய கேட்டாண்ட நின்னுகினு கீது. வெயிலு தாங்கல சார். உள்ள குந்தட்டுமான்னு கேக்கறாங்க.”

“இங்கே ஏன் வர்றாங்க? மலைக்குப் போகலையா?”

“அவங்க விடிகாலையிலயே சாமி பார்த்துட்டு எறங்கிட்டாங்க சார். பஸ்ஸுக்கு நிக்கறாங்க. கிருத்திகைன்னா பேட்டை பஸ்ஸு, பள்ளிப்பட்டு பஸ்ஸு அல்லாம் ஊருக்குள்ள வுடமாட்டாங்க. நம்ப காலேஜு எதிர்லதான் நிறுத்துவாங்க. வருசா வருசம் இப்பிடித்தான. ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. மலைக்கு ஏறுகிற ஜனம் இறங்கியும் ஆக வேண்டும் என்பது, இருபது வருஷம் மேலேயே நின்று கிண்டிக்கொண்டிருந்தவனுக்குத் தோன்றவே இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். கல்லூரிச் சுவரை ஒட்டி, கிடைத்த ஒரு முழ நிழலில், மொட்டைத் தலைகளும் சந்தனமும் மஞ்சள் துணிகளுமாக நூறு, நூற்றைம்பது பேர். 

எல்லாரையும் விரட்டிவிடலாம் என்றால் சிங்காரம் பக்கத்திலேயே நிற்கிறான். “சரி, வரச் சொல்லு. ஆனா நான்தான் வாசல்ல நிப்பேன்” என்றேன். உள்ளே இருந்த மூன்று பேரையும் சேர்த்து எண்ணிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். இருபத்து நாலாவது ஆள் ஒரு முடவர். அவர் உட்காரும் வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மற்றவர்கள் இன்னும் சுவர் நிழலை விட்டு நகரவில்லை. உள்ளே பேராசிரியர் விளக்கை அணைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். இருபத்து நாலு. விதிக்கு ஒரு ஆள் குறைவு. அவருக்கும் இருபத்து நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், எனக்கும் மெட்ராஸ் கிடைத்துவிட்டது என்று முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தைந்தாவதாக வந்தவள் பெயர் குப்பம்மாள். அது எனக்கு அப்புறம் வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. இடுப்பில் அன்றைக்குத்தான் மொட்டை போட்ட குழந்தை. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

“சாமி, கொயந்தைக்கு வெயிலு ஆவல. ஒரு ஓரமா குந்திக்கறேன்” என்றாள்.

“உள்ளே இடம் இல்லம்மா.”

கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக நானூறு நாற்காலி போட்ட அரங்கமும், அதில் முன் வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்த இருபத்து நாலு தலைகளும் தெரிந்தன. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆங், சரிங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையைக் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஒரு சண்டை போட்டிருக்கலாம். எங்கள் கோயிலில் நாங்கள் எத்தனை தடவை கதவைச் சாத்தினாலும் இந்த ஜனம் இப்படித்தான் சரிங்க என்று உட்கார்ந்துவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நானே கதவைத் திறந்துவிட்டிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதில்லை. நான் திறக்கவில்லை. மறுபடியும் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டேன்.

சிங்காரம் வந்தான். “சார், உள்ள காலியாத்தான கீது?”

“ரூல்ஸ் சிங்காரம். இருபத்து நாலு பேருக்குத்தான் அனுமதி.”

“இன்னா ரூல்ஸு சார் இது?” என்றான். அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டுந்தான். பிறகு போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், வெயிலில், அவனும் உட்கார்ந்தான்.

அந்த இடத்தில்தான் விஷயம் என் கையை விட்டுப் போனது. கிருத்திகைக்கு வருகிற ஜனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சாத்தின கதவுக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், மூன்றாவது ஆள் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் நிற்பான். நின்ற பிறகுதான் விசாரணையெல்லாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பம்மாளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு காவடி. கால் மணி நேரத்தில் வரிசை கொடிக்கம்பத்தைத் தாண்டியது.

“இங்க இன்னா குடுக்கறாங்க?”

“தெரியல நைனா. உள்ள ஒரு பேச்சு வந்து ஐஸு ஐஸுன்னு கேக்குது.”

“பிரசாதமா?”

“ஐஸு மலையாம். இருவத்தி நாலு இருவத்தி நாலு பேரா வுடறாங்களாம்.”

“அப்போ பெரிய விசேசந்தான்.”

“எல்லாரும் போங்க, இங்கே ஒண்ணும் இல்லை!” என்று கையை வீசிக் கத்தினேன். கோயில் வாசலில் கத்துகிற ஆள் கத்தக் கத்த வரிசை இன்னும் நெருக்கித்தான் நிற்கும். அதையும் நான் அறியாதவனா? கல்லூரி கேட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்றவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, வரிசை ரோட்டுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒரு ஸ்லைடு சிக்கிக்கொண்டது, ஒரு மெல்லிய கம்பி வேண்டும் என்று கேட்க வந்தார் பேராசிரியர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வரிசை கும்பிட்டது.

“யாருப்பா இவங்க?”

 சிங்காரம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “ஒங்க படம் பாக்க சார்” என்றான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பது வருஷமா பாடம் எடுக்கிறேன்” என்றார். “அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்தவங்களைத்தான் பார்த்திருக்கேன். க்யூவில நின்னு...” கதவுகள் இரண்டையும் அவரே விரியத் திறந்துவிட்டார்.

மொத்தம் மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்துக்கு நாற்காலி எல்லாம் நிறைந்து தரையிலும் உட்கார்ந்தார்கள். கறுப்புத் துணி மாட்டிய ஜன்னல், மேலே சுற்றுகிற மின்விசிறி, வெண்திரையில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் பனி. வெந்துபோன காலோடு வந்த ஜனம் ‘அப்பா’ என்று ஒரு பெருமூச்சு விட்டது எனக்கு வாசலில் கேட்டது. அங்கிருந்து பார்த்தேன். பனி ஒரு நாளைக்கு ஒரு சாண் நகர்கிறது, யாரும் அதைப் பார்க்க முடியாது, ஆனால் வழியிலிருக்கிற பாறையைப் பொடியாக்கிவிடும் என்று பேராசிரியர் மெதுவாக, அழகாகச் சொன்னார். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்குச் சிங்காரம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்றார். இதுதான் எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் செருப்பைத் தேடுகிற நேரம். குப்பம்மாள் எழுந்து நின்றாள். குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது.

“அங்க ஜனம் துணி நெய்யுதுங்களா சாமி? அவ்ளோ ஈரத்துல பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி எப்பிடிக் காயும்? காயாத நூலு தறியில அறுந்துகினே இருக்குமே.”

அரங்கம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. “எனக்குத் தெரியலம்மா” என்றார் பேராசிரியர். “இதை நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. தெரிஞ்சுகிட்டு வந்து அடுத்த தடவை சொல்றேன்.” ஜனம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஊரைவிட்டு ஓட நினைத்தவனுக்கு அந்தக் கணத்தில் சந்தோஷமாக இருந்தது. அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த தடவை என்று அவர் சொன்னது பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் முதல்வர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சிங்காரம் மை பேட்டும் கையுமாக ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தான். எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். எந்தக் கல்லூரி மையத்திலும் எழுபதைத் தாண்டியதில்லை என்றார் பேராசிரியர். இனி ஒவ்வொரு கிருத்திகையும் இங்கே நிகழ்ச்சி, நான் பல்கலைக்கழகத்தில் பேசுகிறேன் என்றார். முதல்வர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் கை கனமாக இருந்தது.

ரயிலேற்றிவிட நான் போனேன். ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. கடைசி பெஞ்சில் அவருக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, இதைவிட்டால் வேறு நேரமில்லை என்று ஆரம்பித்தேன்.

“சார், ஒரு விஷயம். அவங்க உங்க பேச்சுக்காக வரலை. பஸ்ஸுக்கு நின்னவங்க.”

சிரித்தார். “இருக்கட்டுமேப்பா.”

“நான் கதவைச் சாத்திட்டேன் சார். இருபத்து நாலு பேருக்கு மேலே விடக்கூடாதுன்னு நான்தான் சாத்தினேன்.”

“அதான் புத்திசாலித்தனம்! திறந்து வச்சிருந்தா யார் வந்திருப்பாங்க? இந்த ஜனத்தை உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை, பல்கலைக்கழகத்துல யாருக்கும் தெரியலை.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “காலையில ரயில்ல வரும்போது முதல்வர்கிட்டச் சண்டை போட்டாவது உன்னைக் கூட்டிட்டுப் போயிடணும்னுதான் நினைச்சுகிட்டு வந்தேன். இப்போ தோணுது, அங்கே வந்து நீ ஆற்று மணலை ஜல்லடையில சலிச்சு என்னப்பா செய்யப் போற? அதை யார் வேணும்னாலும் செய்வாங்க.”

“சார், எனக்கு...” என்றேன். எனக்கு மூச்சு முட்டுகிறது, இந்தப் படிகளுக்கும் இந்தக் கரண்டிக்கும் நடுவில் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்திருந்தார். நாற்பது கைநாட்டு. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் மூணு வருஷத்துல ரிட்டயர் ஆகிறேன். இதை ஃபிரேம் போட்டு மாட்டப்போறேன்” என்றார். பிறகு, “உனக்கு அடுத்த பையன் தினம் வந்து வாசல்ல நிக்கிறான். எப்படியும் மையம் நடக்கிற வரைக்கும் உன்னை விடமாட்டாங்க. இடம் வேண்டாம்னு இப்பவே ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கே அவனைச் சேர்த்துக்குவேன். உனக்குச் சம்மதந்தானே?”

சம்மதமில்லை என்றால் மட்டும் என்ன? இடம் ஆகஸ்ட் பத்து வரைக்கும் காத்திருக்கும், அப்புறம் அந்தப் பையனுக்குத்தான் போகும். எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு என்னை இங்கே கட்டிவைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். பேனாவை எடுத்தேன். ‘எனக்கு வழங்கப்பட்ட ஆய்விடத்தை என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதினேன். சொந்த விருப்பம் என்று அவர் சொல்லவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்கே தெரிந்திருந்தது. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

திருப்பதியிலிருந்து வரும் மெட்ராஸ் பாசஞ்சர் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவர் வண்டி நகரும்போது, “அடுத்த கிருத்திகைக்கு என்ன தலைப்பு?” என்று கத்தினார்.

“நீங்களே சொல்லுங்க சார்” என்று கத்தினேன்.

அவர் ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு, எனக்கே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மொட்டைத்தலைக்காரர் மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

“இன்னா சார், வண்டிய உட்டுட்டீங்களா?”

தலையாட்டினேன்.

“மெட்ராஸு வண்டிதான? அதுக்கு ஏன் சார் அழுவுறீங்க? ஏயரைக்கு இன்னொண்ணு கீதே. குந்துங்க, நானும் அதுலதான் போறேன். ஒண்ணாவே போயிடலாம்.”

“ஆங்” என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழரை வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. பிளாட்பாரத்தில் நின்றபடியே அவருடைய மூட்டையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிக் கொடுத்தேன்.